பிணை நின்றவன் மகளுக்கு எழுதுவது

பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ திரும்பி வரமாட்டாய் என்ற செய்தி, நீ விமானம் ஏறுவதற்கு முன்பே ஒட்டுசுட்டான் சந்தையில் மரக்கறியோடு சேர்ந்து விலைப்பட்டுவிட்டது. ஊருக்கே தெரிந்ததை உனக்கு மட்டும் இரகசியமாக எழுதுவதில் பொருளில்லை. அதிகாரிகள் யாராவது வாசித்துவிட்டால் என்ன செய்வது என்று உன் அம்மா கேட்டாள். முப்பது வருடமாக நான் தமிழில் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் எந்த அரசாங்கக் கந்தோரிலிருந்தும் பதில் வந்ததில்லை, இரகசியம் காக்க இதைவிடப் பாதுகாப்பான மொழி எனக்குத் தெரியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. நீ போனதிலிருந்து அவள் சிரிக்கவில்லை.

நீ போய் நாலு நாள். இப்போது கொழும்பில் பயிற்சி முகாமில் இருக்கிறாய். அடுத்த கிழமை ஸ்கொட்லாந்து. பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான பளுதூக்கலில் இந்த நாட்டின் கொடியை நெஞ்சில் தைத்துக்கொண்டு நிற்கப் போகிறாய். உன் வயது இருபத்துமூன்று. இந்த நாடு உன்னிடம் எதையாவது தூக்கச் சொல்லி, தூக்கியதற்குக் கைதட்டப்போவது இதுவே முதல் தடவை.

போவதற்கு இரண்டு நாள் முன்பு நீ ஒரு படிவம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "மேற்படி வீராங்கனை போட்டி முடிவடைந்ததும் நாடு திரும்புவார் என இத்தால் உறுதியளிக்கிறேன், அவர் திரும்பாதவிடத்து ஏற்படும் விளைவுகளுக்கு நானே பொறுப்பாவேன்." கீழே பெற்றார் அல்லது பாதுகாவலர் ஒப்பம். விளைவுகள் எவை என்று எழுதியிருக்கவில்லை. எழுதாத விளைவுகளுக்குப் பொறுப்பு நிற்பதில் எங்கள் மாவட்டத்துக்கு நல்ல பயிற்சி உண்டு என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"வாசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ அப்பா" என்றாய்.

"வாசிச்சனான்."

"யோசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ."

கையெழுத்தை வைத்தேன். நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று நீயும் கேட்கவில்லை. மறுநாள் அதை உறுதிப்படுத்தக் கிராம அலுவலரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல பிள்ளை, உன்னோடு படித்தவனின் தமக்கை. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், இது விளங்கித்தானே போட்டனீங்கள்?" என்றார். விளங்கித்தான் என்றேன். "அப்ப சரி" என்று முத்திரையைக் குத்தினார். குத்திய சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது.

நீ போகிற போட்டியின் வரலாற்றை உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் நூலக உதவியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஒருவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாதபோது தகவல் கொடுப்பது எங்கள் தொழிலின் வழக்கம்.

இது 1930இல் கனடாவில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டி. 1954இல் பேரரசு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பொதுநலவாயம் என்ற சொல்லைக் கொண்டுவந்து இருத்தினார்கள். 1970இல் பேரரசு எழும்பிப் போய்விட்டது. 1978இல் பிரித்தானியாவும் போய்விட்டது. ஒருவர் தன் வீட்டு வாசற்பலகையிலிருந்து தன் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நாற்பத்தெட்டு வருடம் எடுத்தது. எங்களுக்கு வீட்டைவிட்டுப் போக ஒருபோதும் அரைமணி நேரத்துக்கு மேல் தரப்பட்டதில்லை.

முதற் போட்டிக்கு வந்த ஆண் வீரர்களை மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்களாம், ஒரு வகுப்பறைக்கு இரண்டு டசின் பேர். இதை நான் உனக்கு முதன்முதல் வாசித்துக் காட்டியபோது நாங்களும் இடம்பெயர்ந்து ஒரு வகுப்பறையில்தான் படுத்திருந்தோம், கரும்பலகைக்குக் கீழே. எங்கள் வகுப்பறையில் இரண்டு டசினுக்கு மேல். "அப்ப நாங்களும் போட்டிக்கு வந்தனாங்களோ அப்பா?" என்று கேட்டாய். ஓம் என்றேன். அவர்களுக்குத் திரும்பிப்போகும் திகதி தெரிந்திருந்தது என்ற வேறுபாட்டை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

அந்தப் போட்டியில் பெண்களுக்கு நீச்சல் தடாகத்தில் மட்டுமே அனுமதி. பெண்கள் பளு தூக்கலாம் என்று அவர்கள் கண்டுபிடித்தது 2002இல். உன் அம்மா அதற்குப் பல வருடம் முந்தியே இரண்டு கையிலும் இரண்டு தண்ணீர்க் கானோடு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நடுவர் எவரும் வந்து பார்க்கவில்லை. இந்தத் தீவு முதலிற் போனது 1938இல், சிட்னிக்கு. போன முதற் தடவையே ஒருவர் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துசேர்ந்தார். இந்தக் காலத்தில் ஒரு வீரர் வந்துசேர்ந்தாலே அது தங்கத்துக்குச் சமமான செய்தி. எங்கள் அணிகள் சில முறை போன தொகையிலும் குறைந்த தொகையாகத் திரும்பி வந்திருக்கின்றன. இன்னார் காணாமற்போய்விட்டார் என்று அன்றைக்கே படத்தோடு பத்திரிகையில் வரும். எங்கள் மாவட்டத்தில் காணாமற்போனவர்களின் படத்தை வீட்டார்தான் மடியில் வைத்துக்கொண்டு, பதில் கேட்டு, வீதியோரப் போராட்டக் கொட்டிலில் இருக்கவேண்டும். இருக்கிறார்கள்.

இந்த முறை நடத்துவதாக ஒப்புக்கொண்ட இடம் இடையில் வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டது. ஸ்கொட்லாந்து போட்டியைச் சுருக்கி, பத்து விளையாட்டுகளோடு ஏற்றுக்கொண்டது. மல்யுத்தம் வெட்டுப்பட்டது, பளுதூக்கல் தப்பியது. அந்தப் பட்டியல் வந்த நாளில் பளுதூக்கலை வெட்டிவிடட்டும் என்று நான் மனதுக்குள் கேட்டேன். இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. உன் பெயர் தெரிவுப் பட்டியலில் வந்தபோது ஊருக்கு இனிப்புக் கொடுத்தவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆள்தான், பிள்ளை. பிரித்துப் பார்க்க நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

1958இலிருந்து இந்தப் போட்டிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. முடிசூடியவரின் செய்தியை ஒரு கோலுக்குள் வைத்து அடைத்து, ஆள் மாறி ஆள் தூக்கிக்கொண்டு ஓடி, தொடக்க நாளில் திறந்து வாசிப்பார்கள். இதை வெள்ளைக்காரர் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கிறார்கள். வன்னியில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவர் கையில் ஊரே சாமான் கொடுத்துவிடும். பக்கத்து வளவு பாக்கியமக்கா மிளகாய்த்தூளோடு வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும்.

"பிள்ளை, உதை என்ரை பெடியனிட்டைக் குடுத்துவிடு. அவன் லண்டன்."

"நான் போறது ஸ்கொட்லாந்து, மாமி."

"பக்கத்திலைதானே. இஞ்சையிருந்து முல்லைத்தீவு மாதிரி இருக்கும்."

"பெட்டி நிறை கூடிப்போச்சு மாமி, இனி ஏத்த விடாங்கள்."

"நீ எத்தினை மூட்டை தூக்கிற பிள்ளை, ஒரு கிலோத் தூளுக்கு அழுகிறாய்!"

உன் அம்மா அதை வாங்கி வைத்தாள். ஆனால் நான் கவனித்தது தூளை அல்ல. எங்கள் ஊரில் வெளிக்கிட்டுப் போகும் ஆளிடம் "சுகமாய்ப் போட்டு வா" என்றுதான் சொல்வார்கள். சுடலைக்குப் போகிறவரைத் தவிர வேறு எவரிடமும் அதை மாற்றிச் சொன்னதில்லை. அன்றைக்கு வந்த பாக்கியமக்கா உன் தலையைத் தடவி, "எங்கை இருந்தாலும் சுகமாய் இரு பிள்ளை" என்றார். பின்னால் வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். ஒருவர்கூட எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. வரிசையாக வந்து உன்னை அனுப்பிவைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு செத்தவீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். லண்டனிலிருந்து உன் மாமா தொலைபேசி எடுத்தார். "அத்தான், அவள் வெளிக்கிட்டு வந்தாக் காணும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்கு எப்பவும் உந்தக் கையெழுத்து விசர்" என்றார்.

அவர் சொன்னது உனக்கு விளங்கியிருக்காது. விளங்கப்படுத்தத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது கடுமையான மூச்சு இழுப்பு. இங்கிருந்த மருந்துக்குக் கேட்கவில்லை, வவுனியா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார்கள். அந்த நாளில் வன்னியைவிட்டு வெளியே போக எங்களை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவரைப் பிடிப்பார்கள். நீ, அம்மா, நான், உனக்கு ஐந்து வயது மூத்த அண்ணா. நாலு பேருக்கு, முழுக் குடும்பத்துக்கு, பிணை நிற்க யார் வருவார்? சொந்தக்காரர் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து வேலை இருந்தது. எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் மாரிமுத்து, மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், சேற்றுக் காலோடு வந்து கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, வாத்தியாரு மாதிரி யோசிக்காதீங்க. புள்ளைகள கூட்டிட்டுப் போனா போனதுதான். என்னை என்ன பண்ணிருவாங்க? பங்கர் வெட்டச் சொல்லுவாங்க. நான் வெட்டாத மண்ணா?"

வவுனியாவில் உனக்குச் சுகம் வந்தது. வைத்தியர் அட்டையில் எழுதித் தந்தார், வாயாலும் சொன்னார்: "இந்தப் பிள்ளையைப் பாரமான சாமான் ஒண்டும் தூக்க விடாதேங்கோ." அந்த அட்டை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நீ தேசிய மட்டத்தில் வென்ற நாள் உன் அம்மா அதை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா என்னிடம் சொன்னாள்: "திரும்பிப் போகாமல் விடுவம். மாரிமுத்தண்ணை பிழைச்சுக்கொள்ளுவார். பிள்ளையளைப் பாருங்கோ." நான் சொன்னேன்: "அந்தாள் கையெழுத்து வைச்சிருக்கு." பாஸில் எழுதியிருந்த திகதிக்கு ஒரு நாள் முன்பே நான் உங்கள் மூன்று பேரையும் திருப்பிக் கொண்டுவந்தேன். நேர்மையான மனிதன் என்று ஊரில் பேசினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நடந்தாய். கடைசி யுத்தம் துரத்த, ஒட்டுசுட்டானிலிருந்து கடற்கரை வரைக்கும் ஆறு ஏழு இடத்தில் தங்கித் தங்கி எழும்பினோம். நான் சைக்கிளில் என்ன கட்டினேன் தெரியுமா? நூலகத்தின் கலைக்களஞ்சியத்தில் ஒரு பாகம், விளையாட்டுப் போட்டிகளின் வரலாறு இருந்த பாகம். வீட்டில் வைத்து வாசிக்க நான் பதிவேட்டில் ஒப்பமிட்டு எடுத்து வந்தது, திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தேன். சோற்றுப் பானையைக் கட்ட இடம் இல்லாமல் அதை நீ தூக்கினாய். அட்டையை எழுதிய வைத்தியர் அந்தத் தெருவில் இல்லை. அண்ணா தண்ணீர்க் கானைத் தூக்கினான். கடைசிக் கடற்கரையில் ஒரு நாள் காலையில் தண்ணீருக்குப் போய் ஷெல் பட்டவனை, மணலைத் தோண்டி, பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். அவனுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. புத்தகம் பத்திரமாக வந்துசேர்ந்தது.

முகாமிலிருந்து மீளக் குடியேறிய பிறகு அந்தப் பாகத்தை நூலகத்துக்குக் கொண்டுபோனேன். புதிதாக வந்திருந்த அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய பதிவேடு இல்லாதபடியால் இந்தப் புத்தகத்தைப் பொறுப்பேற்க முடியாது என்றார். என் ஒப்பம் எரிந்துபோயிருந்தது. நான் மட்டும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது அது எங்கள் வீட்டுக் கதிரையின் உயரம் குறைந்த காலுக்குக் கீழே இருக்கிறது.

உன் அம்மா ஒருநாளும் இதை எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். வாதாட எனக்கு நன்றாக வரும்.

நீ பளு தூக்கப் போகிறேன் என்றபோது இரண்டு வருடம் எதிர்த்தேன். வைத்தியரின் அட்டையைக் காரணம் காட்டினேன். பெண்பிள்ளைக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை என்பதை மட்டும் உன்னைப் பழக்கிய ஆசிரியரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு. நீ முதன்முதல் இரும்புக் குழாயின் இரண்டு பக்கமும் சீமெந்து வார்த்த தகரங்களைத் தலைக்குமேல் தூக்கி நின்றபோது, உன் முகத்தில் அந்தப் பானையைத் தூக்கிய முகத்தைக் கண்டேன். அதே கடித்த உதடு. எனக்குப் பார்க்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போனதாக நீ நினைத்தாய். அப்படியே நினைக்க விட்டேன். அது என் இன்னொரு பிழை.

தூக்கினால் மட்டும் காணாது, நடுவர் இறக்கச் சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும், அவசரப்பட்டு இறக்கினால் தூக்கியதே கணக்கில்லை என்று ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தினாய். எங்கள் குடும்பத்துக்கு அது நன்றாக வரும் என்றேன். சிரித்தாய்.

நீ போகும் அன்று உன் பெட்டிக்குக் கயிறு கட்டியது மாரிமுத்துதான். பேருந்து போனபிறகு அவர் எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் பழையபடிதான். படிவத்தின் பிரதியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, விரலை வைத்து வரி வரியாக வாசித்தார்.

"அப்ப இந்த வாட்டி நீங்கதான் பிணையா அண்ணே?"

"ஓம்."

"எப்பிடி இருக்கு?"

நான் படிவத்தை வாங்கி மடித்தேன்.

"எனக்கு அன்னைக்கு எப்பிடி இருந்துச்சின்னு இத்தனை வருசமா நீங்க கேக்கவே இல்லை" என்றார். "தெனமும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். வந்துறக்கூடாதுன்னு. ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நாங்கள் வவுனியாவிலிருந்து திரும்பி வந்த பின்னேரம் எனக்கு அப்போதுதான் முழுதாக ஞாபகம் வந்தது. வாய்க்கால் வரம்பில் நின்றவர் எங்கள் நாலு பேரையும் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "எதுக்குண்ணே வந்தீங்க? எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு அது அவமானமாக இருந்தது. கத்திக்கொண்டே வீட்டைப் பார்த்து, அடுப்பில் தண்ணி வைக்கச் சொன்னார்.

ஆகவே நான் உனக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு என்று மேலே எழுதிவிட்டேன். மேடையில் ஏறும்போது இந்த நாட்டையும் எங்களையும் நினைக்காதே, இரண்டும் நிறை கூடியவை. பாக்கியமக்காவின் தூளைப் பெட்டியிலிருந்து உன் அம்மாவே கடைசி நேரத்தில் எடுத்துவிட்டாள், தேடாதே. என் கையெழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காதே. நான் சொல்லுகிறேன், இறக்கி வை. அன்றைக்கு எனக்கு மாரிமுத்து சொன்னார், நான் கேட்கவில்லை. விளைவு என்று ஒன்று வந்தால் அதற்கு நான் இங்கே இருக்கிறேன். எனக்கு அறுபத்தாறு வயது, பங்கர் வெட்டச் சொன்னாலும் ஆழமாக வெட்டமாட்டேன்.

இருந்துவிடு என்று எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். வந்துவிடு என்று எழுதிய தாள் ஒன்றும் அதில் உண்டு. இன்று காலையில் உன் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவள், விளக்குமாற்றை நிறுத்தி, "வருவாளோ?" என்று கேட்டாள். அவள் எதை விரும்பிக் கேட்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. தெரியாது என்றேன். அவள் திரும்பக் கூட்டத் தொடங்கினாள். உன் அறையில் கட்டிலை யாரையும் மாற்றிப் போடவும் விடுகிறாள் இல்லை, அந்தக் கதவைத் திறக்கவும் விடுகிறாள் இல்லை.

போட்டி முடிந்த கிழமை தொடங்கி நான் பின்னேரங்களில் சந்திப் பேருந்து நிலையத்தில் இருப்பேன். பத்திரிகை வாங்கப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். முல்லைத்தீவு போகும் பேருந்திலிருந்து நீ இறங்காவிட்டால் எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலோடு வீட்டுக்கு நடந்து வருவது எப்படி என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியில்லாமல் நீ இறங்கி வந்தால் நான் சந்தியில் வைத்து உன்னை ஏசுவேன். "ஏன் பிள்ளை வந்தனீ? ஏன் வந்தனீ?" என்று நாலு பேருக்குக் கேட்கக் கத்துவேன். அதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். பெட்டியை என்னிடம் தந்துவிட்டு முன்னால் நட. அடுப்பில் தண்ணி இருக்கும்.

அப்பா
ஒட்டுசுட்டான்